வால்வு மைக் பிரீஆம்பில் டிரான்ஸ்ஃபார்மர் தொல்லைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வால்வு பிரீஆம்ப் ஒன்றை, அதாவது மைக்கின் மெல்லிய சிக்னலை வெற்றிடக் குழாயால் பெருக்கும் பெட்டியை, கையால் கட்டி முடித்து, ஹீட்டர் சிவந்து, மைக்கைச் செருகியதும் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை என்றால் நம்மில் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது வால்வில்தான். கழற்றி மாட்டுவது சுலபம், அதனால். ஆனால் நான் கட்டியவற்றிலும் நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றிலும் பார்த்தவரை, கோளாறு அதிகமாக இருந்தது டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித்தான். டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லவில்லை, அது கெட்டுப்போவது அபூர்வம். அதற்கு முன்னால் எதைக் கட்டினோம், பின்னால் எதைக் கட்டினோம் என்பதில்தான் தவறு இருக்கும். 150 ஓம் மைக்கின் பின்னால் தங்கமாகப் பேசும் அதே டிரான்ஸ்ஃபார்மர், தப்பான வால்வின் முன்னால் மூக்கடைத்த மாதிரிப் பேசும். "இது நல்ல டிரான்ஸ்ஃபார்மரா?" என்று கேட்டு எந்தப் பயனும் இல்லை, "என் வால்வோடு இது ஒத்துப்போகுமா?" என்றுதான் கேட்க வேண்டும்.

எண்கள் குழம்பாமல் இருக்க ஒரே சர்க்யூட்டை வைத்துப் பேசுகிறேன். உள்ளீட்டில் 1:10 டிரான்ஸ்ஃபார்மர் (சிக்னல் நுழையும் சுற்று பிரைமரி, வெளியேறும் சுற்று செகண்டரி), அடுத்து 12ஏஎக்ஸ்7 வால்வில் முதல் நிலை, நடுவில் வால்யூம், 12ஏயு7 கடைசி நிலை, அதன் பிளேட்டிலிருந்து (வால்வின் வெளியீட்டு முனை) ஒரு கெப்பாசிட்டர் வழியாக 15 கிலோஓமுக்கு 600 ஓம் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். கணக்கு இப்படி வரும்: உள்ளீட்டில் 20 டெசிபல் ஏற்றம், முதல் நிலையில் சுமார் 35, கடைசி நிலையில் சுமார் 22, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் 5:1 இறக்கம் என்பதால் 14 டெசிபல் நஷ்டம், ஆக 63 பக்கம். உங்களுடையது இதைவிட 10 டெசிபலுக்கு மேல் குறைந்தால் அதுவே ஒரு அறிகுறி, கடைசியில் அதற்கு வருகிறேன்.

சோதனைக்கு இறங்குமுன் இரண்டு விஷயம். உள்ளே 250 முதல் 300 வோல்ட் டிசி இருக்கிறது, ஸ்விட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். அவற்றின் குறுக்கே நிரந்தரமாக ஒரு 220 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு வையுங்கள், ஒவ்வொரு தடவையும் மீட்டரில் வோல்டேஜ் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். இதில் அவசரம் கூடவே கூடாது.

இரண்டாவது, மைக் டிரான்ஸ்ஃபார்மரை மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் வைத்துச் சோதிக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சின்ன டிசி கரண்டே உள்ளே இருக்கும் நிக்கல் கோரை (சுற்றுகளின் நடுவே உள்ள உலோகத் தகடுகள்) காந்தமாக்கப் போதும், அப்புறம் கீழ் ஸ்தாயியில் இரண்டாம் ஹார்மோனிக் கூடி ஒலி கொஞ்சம் கலங்கலாகவே இருக்கும், காரணம் எங்கே என்று தெரியாமல் நாள் கணக்கில் தேடுவோம். நான் தேடியிருக்கிறேன். ஏற்கெனவே மீட்டர் வைத்துவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம். முதல் வால்வைக் கழற்றிவிட்டு, ஆடியோ ஜெனரேட்டரிலிருந்து 20 ஹெர்ட்ஸ் சைன் அலையைப் பிரைமரிக்குக் கொடுத்து, ஆசிலோஸ்கோப்பில் செகண்டரியின் அலை உருக்குலையும் வரை அளவை ஏற்றி, பிறகு பத்துப் பதினைந்து விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். காந்தம் போய்விடும். இடையில் பட்டென்று அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. சுற்று விகிதம் தெரிய வேண்டுமென்றாலும் ஓம் மீட்டர் தேவையில்லை. பிரைமரிக்கு 400 ஹெர்ட்ஸில் 100 மில்லிவோல்ட் கொடுத்து செகண்டரியில் ஏசி வோல்டேஜைப் பாருங்கள், 1 வோல்ட் வந்தால் 1:10.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

உறுமல் நிற்கவில்லை

அதிகம் பேரை அழவைக்கும் அறிகுறி இது, அதனால் நிதானமாகப் போவோம். முதல் வேலை, முதல் வால்வின் கிரிட்டை (சிக்னல் நுழையும் முனை) தரையோடு ஒரு சின்ன வயரால் இணைப்பது. உறுமல் அப்படியே இருந்தால் உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிடுங்கள், ஹீட்டர் வயரிங்கையும் ஹெச்டி (வால்வுக்கான உயர் வோல்டேஜ் டிசி) ஃபில்டரையும் பாருங்கள். உறுமல் போய்விட்டால் வயரை எடுத்துவிட்டு, மைக் சாக்கெட்டின் 2, 3 பின்களுக்கு நடுவே 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள், மைக்கும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். இப்போதும் உறுமல் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் காற்றிலிருந்து காந்தப்புலத்தைப் பிடிக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதி. ரெசிஸ்டரோடு அமைதியாக இருந்து கேபிளைச் செருகியதும் உறுமினால் அது எர்த் சங்கதி, வேறு பாதை.

காதும் கொஞ்சம் உதவும். 100 ஹெர்ட்ஸில் கரகரப்போடு வந்தால் ரெக்டிஃபையர் பக்கம் சந்தேகப்படுங்கள். 50 ஹெர்ட்ஸில் மொழுமொழுவென்று ஆழமாக வந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ ஏசி ஹீட்டரோ. இந்த இரண்டையும் பிரிக்க ஒரு நல்ல வழி, உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் திருகுகளைக் கழற்றி, வயர்கள் மாட்டியபடியே, காப்பிடப்பட்ட கைப்பிடி எதையாவது வைத்துப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்ப்பது. திருப்பத் திருப்ப உறுமல் ஏறி இறங்கினால் சந்தேகமே இல்லை, காந்தப்புலம்தான். ஒரு கோணத்தில் கிட்டத்தட்ட மறைந்தே போகும். அந்தக் கோணத்தில் பொருத்த முடிந்தால் பொருத்திவிடலாம், ஆனால் அதை மட்டும் நம்பி நிற்பதை நான் விரும்புவதில்லை, ஏனென்றால் மூடியை மூடியதும் புலத்தின் பாதை மாறி உறுமல் திரும்பிவிடும், குறிப்பாக இரும்புப் பெட்டியில்.

நிலையான தீர்வு தூரம். காந்தப்புலம் தூரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் குறைகிறது. 10 சென்டிமீட்டரை 20 ஆக்கினால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 18 டெசிபல், ஒரு காசு செலவில்லாமல். அதனால்தான் பவர் சப்ளையைத் தனிப்பெட்டியில் வைத்து ஒரு மீட்டர் கேபிளால் இணைக்கச் சொல்கிறேன். முதல் தடவை கட்டுபவர் தயவுசெய்து இதைச் செய்யுங்கள், பெட்டி பார்க்க அழகாக ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை அடுத்த பிரீஆம்புக்கு இருக்கட்டும். வாங்கும்போதே மியூமெட்டல் (காந்தப்புலத்தைத் தடுக்கும் நிக்கல் கலவை) கூட்டுக்குள் இருக்கும் உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மராகப் பார்த்து வாங்குங்கள், ஒரு நல்ல கூடு 30 டெசிபல் வரை தடுக்கும். கூட்டைத் துளையிடுவதும் தரையில் போடுவதும் கிடுக்கியில் பிடித்து நெரிப்பதும் அந்தத் தடுக்கும் திறனைக் கெடுத்துவிடும். இழந்ததைத் திரும்பக் கொண்டுவர உலையில் மறுபடி பதப்படுத்த வேண்டும், வீட்டில் முடியாது.

நம் ஊரில் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பழைய அமெரிக்கச் சாதனங்களிலிருந்து கழற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவும் 60 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டவை. வோல்டேஜைச் சரிசெய்து 50 ஹெர்ட்ஸில் ஓட்டினாலும் கோருக்குள் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடிவிடும். தாராளமாகச் சுற்றியதாக இருந்தால் தாங்கும். கணக்காகச் சுற்றியதாக இருந்தால் சூடேறும், கோர் நிறைவுக்குப் போய் வெளியே புலத்தைக் கொட்டும். என் முதல் பிரீஆம்பில் இரண்டு வாரம் நான் உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மையில் உறுமலின் ஊற்று இப்படி வந்த ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியதைப் போட்டதும் பாதிக்குமேல் குறைந்தது.

மேல் ஸ்தாயி மங்கல், போர்வைக்குப் பின்னாலிருந்து கேட்கிற மாதிரி

இதில் விகிதத்தையும் வால்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1:10 என்றால் வோல்டேஜ் பத்து மடங்கு ஏறும், இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான எதிர்ப்பு) நூறு மடங்கு ஏறும். 150 ஓம் மைக், வால்வின் கிரிட்டுக்கு 15 கிலோஓமாகத் தெரியும். அந்தப் பக்கம் 12ஏஎக்ஸ்7இன் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே 1.7 பிக்கோஃபாரட்தான் இருக்கிறது, ஆனால் மில்லர் விளைவு அதை நிலையின் பெருக்கத்தால் பெருக்கிவிடும். 60 மடங்கு பெருக்கம் என்றால் 100 பிக்கோஃபாரட்டுக்கு மேல், சாக்கெட், வயர் எல்லாம் சேர்த்து 110 என்று வையுங்கள். 15 கிலோஓமும் 110 பிக்கோஃபாரட்டும் சேர்ந்து வெட்டுவது 96 கிலோஹெர்ட்ஸில், கவலையில்லை.

இப்போது அதே இடத்தில் அமெரிக்காவின் யூடிசி நிறுவனத்து ஏ-10 மாதிரி ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மரை வையுங்கள். அதன் செகண்டரி 50 கிலோஓம். 150 ஓம் முனையில் மைக்கைக் கட்டினால் விகிதம் 1:18 பக்கம், 25 டெசிபல் ஏற்றம், கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் 50 கிலோஓமும் அதே 110 பிக்கோஃபாரட்டும் 29 கிலோஹெர்ட்ஸிலேயே வெட்டும், இதோடு சுற்றின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து மொத்தம் 250ஐத் தொட்டால் 13 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் மேல் பழியில்லை, அது வேறு வகை கிரிட்டுக்காகப் பிறந்தது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மைக்கை 500/600 முனைக்கு மாற்றுங்கள். விகிதம் 1:9 ஆகும், 19 டெசிபல் மட்டுமே கிடைக்கும், ஆனால் கிரிட் பார்க்கும் இம்பீடன்ஸ் 12.5 கிலோஓமாகச் சரிந்து மேல் ஸ்தாயி திறந்துகொள்ளும், கீழ் ஸ்தாயியும் முன்பைவிட நீளும். எனக்கு இந்த மாற்றம்தான் பிடித்தது, ஒரு வயரை இடம் மாற்றினால் போதும். இன்னொன்று, வால்வை மாற்றுவது. 12ஏஒய்7இன் பெருக்கம் குறைவு, மில்லர் சுமையும் அந்த அளவுக்குக் குறையும். இஎஃப்86 மாதிரி பென்டோடுக்கு (ஐந்து மின்முனை வால்வு) போனால் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே 0.05 பிக்கோஃபாரட்டுக்கும் குறைவு, மில்லரே கிட்டத்தட்ட இல்லை.

1950களின் ஜெர்மானிய ஒலிபரப்புக்காக வந்த வி72 பிரீஆம்பில் இரண்டு இஎஃப்804எஸ் பென்டோடுகள் இருப்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவின் ரெட்.37 மேசையில் அதன் உறவான வி72எஸ் 40 டெசிபல் பெருக்கத்தோடு உட்கார்ந்திருந்தது, அடுத்த தலைமுறை மேசைக்கு அந்த ஸ்டுடியோவை நடத்திய ஈஎம்ஐ பொறியாளர்கள் தாங்களே வடிவமைத்த ரெட்.47இலும் முதல் வால்வு இஎஃப்86தான். "வி72இல் இருந்த விகிதம்" என்று எங்கோ படித்துவிட்டு அதே விகிதத்தை 12ஏஎக்ஸ்7க்கு முன்னால் வைப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

விகிதம் சரியாக இருந்தும் மங்கல் என்றால், செகண்டரியின் இரண்டு முனைகளைப் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று சமமில்லை, கோரை ஒட்டிய முனை தரைக்கும் மற்றது கிரிட்டுக்கும் போக வேண்டிய அமைப்புகள் உண்டு, எது எது என்று தயாரிப்பாளரின் படத்திலேயே இருக்கும். மாற்றிக் கட்டினால் கெப்பாசிட்டன்ஸ் தப்பான பக்கம் சேர்ந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிரிட்டுக்கு ஷீல்டு வயரை நீளமாக இழுத்திருந்தாலும் இதே கதை, அந்த வயரைக் குட்டையாக வையுங்கள்.

மேல் ஸ்தாயி கூசுகிறது, "ஸ" எல்லாம் சீறுகிறது

மங்கலுக்கு நேர் எதிர். சுற்றுகளின் கசிவு இண்டக்டன்ஸும் செகண்டரியின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து எங்கேயோ ஒரு மேட்டை எழுப்புகின்றன. கட்டுப்படுத்த அங்கே போதிய சுமை இல்லை. 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை 150 ஓம் மூலமாக, சில மில்லிவோல்ட் அளவில் மைக் சாக்கெட்டுக்குக் கொடுத்து, முதல் வால்வின் பிளேட்டில் ஸ்கோப்பை வையுங்கள். கிரிட்டில் வைக்க வேண்டாம், புரோபின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸே அளவை மாற்றிவிடும். பத்து மடங்கு குறைக்கும் புரோபாக இருக்கட்டும், பிளேட்டில் நூறு வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். அலையின் மூலையில் ஒரு துள்ளலும் அதைத் தொடர்ந்து நடுக்கமும் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

முதலில் தயாரிப்பாளர் சொன்ன சுமை ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜென்சன் ஜேடி-115கே-ஈ என்ற 1:10 மைக் டிரான்ஸ்ஃபார்மருக்கு செகண்டரியில் 150 கிலோஓம். பலர் "கிரிட் திறந்திருந்தால்தான் ஒலி திறக்கும்" என்று அதைக் கழற்றிவிடுகிறார்கள். அது இருந்தும் துள்ளினால், செகண்டரியின் குறுக்கே 220 பிக்கோஃபாரட்டும் 50 கிலோஓம் வேரியபிளும் தொடராக வைத்து, ஸ்கோப்பைப் பார்த்தபடி துள்ளல் மறைந்து மூலை மட்டும் லேசாக உருளும் இடம் வரை திருப்புங்கள். அங்கே என்ன ஓம் வந்ததோ அதற்கு நெருங்கிய நிலையான ரெசிஸ்டரைப் பற்றவையுங்கள். மைக்கை மாற்றினால் இந்தப் புள்ளி கொஞ்சம் நகரும், அதனால் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் மைக்கின் இம்பீடன்ஸை வைத்தே சரிசெய்யுங்கள்.

முதல் பிளேட்டில் அலை சுத்தமாக இருந்து, கடைசியில் மட்டும் துள்ளினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். பழைய வெளியீடுகள் 600 ஓம் சுமையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை, இன்றைய ஆடியோ இண்டர்ஃபேஸின் (கணினியில் பதிவு செய்ய உதவும் பெட்டி) உள்ளீடு 10 கிலோஓம் அல்லது அதற்கும் மேல். செகண்டரியின் குறுக்கே 620 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை. கடைசி வால்வு திணறுகிறது என்று பட்டால் 1.5 கிலோஓம் வரை ஏற்றிப் பாருங்கள்.

அடித்தளமே இல்லை, ஒலி மெலிந்து கேட்கிறது

இங்கே பெரும்பாலும் குற்றவாளி வெளியீட்டுப் பக்கம். டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி ஒரு இண்டக்டர், கீழ் அலைவரிசைகளுக்கு அது குறுக்குவழி. எங்கே வெட்டும் என்பதை அந்த இண்டக்டன்ஸ் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதை ஓட்டும் வால்வின் உள் எதிர்ப்பும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பிரைமரி 50 ஹென்றி என்று வையுங்கள். 12ஏயு7இன் உள் எதிர்ப்பு சுமார் 7.7 கிலோஓம், 15 கிலோஓம் சுமையோடு இணையாக 5.1 கிலோஓம், வெட்டும் இடம் 16 ஹெர்ட்ஸ். நன்றாக இருக்கிறது. அதே டிரான்ஸ்ஃபார்மரை 12ஏஎக்ஸ்7 ஓட்டினால்? உள் எதிர்ப்பு 62 கிலோஓம், இணையாக 12 கிலோஓம், வெட்டும் இடம் 38 ஹெர்ட்ஸ். அது மட்டுமில்லை, 62 கிலோஓம் உள்ள வால்வு 15 கிலோஓம் சுமையை இழுக்கத் திணறி, பெருக்கம் விழுந்து, சிதைவும் கூடும். "ஒரே வால்வில் இரண்டு டிரையோடு இருக்கிறதே, மிச்சத்தை வீணாக்குவானேன்" என்று 12ஏஎக்ஸ்7இன் இரண்டாவது பாதியையே வெளியீட்டுக்கு வைக்கும் சர்க்யூட்டுகளில் இந்த மெலிவு தவறாமல் வரும். 12ஏயு7, 6எஸ்என்7, அல்லது இன்னும் குறைந்த எதிர்ப்புள்ள 12பிஹெச்7, இ88சிசி, இவற்றில் ஒன்றைப் போடுங்கள். இ88சிசிக்கு உள் எதிர்ப்பு 2.6 கிலோஓம்தான்.

வால்வு சரியாக இருந்தால் அடுத்து இணைப்புக் கெப்பாசிட்டர். அதுவும் பிரைமரியும் சேர்ந்து ஒரு அதிர்வுச் சுற்று. 1 மைக்ரோஃபாரட்டும் 50 ஹென்றியும் 22 ஹெர்ட்ஸில் அதிரும். அங்கே ஒரு மேடு எழுந்து, அதற்குக் கீழே சரேலென்று விழும். 0.22 போட்டுவிட்டால் மேடு 48 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், குரலில் ஒரு செயற்கையான பொம்மென்ற வீக்கம் வந்து அதன்கீழ் ஒன்றும் இருக்காது. 4.7 போட்டால் 10 ஹெர்ட்ஸ், காதுக்கு வெளியே. பணம் கொஞ்சம் அதிகமானாலும் 400 வோல்ட் தாங்கும் ஃபிலிம் கெப்பாசிட்டராக 2.2க்குக் குறையாமல் போடுங்கள்.

மூன்றாவது, கோருக்குள் டிசி. இடைவெளி விடாத கோருள்ள டிரான்ஸ்ஃபார்மரை நேரடியாகப் பிளேட்டில் தொங்கவிட்டால், வால்வின் நிலைக் கரண்ட் முழுவதும் பிரைமரி வழியே ஓடி, கோரை நிறைத்து, இண்டக்டன்ஸை அடியோடு சாய்த்துவிடும். யூடிசியின் பழைய பட்டியலில் ஏ-24, ஏ-25 இரண்டுமே 15 கிலோஓம் பிளேட்டிலிருந்து லைனுக்குத்தான். ஏ-25இல் 8 மில்லிஆம்பியர் டிசி தாங்கும் என்ற குறிப்பு இருக்கும், ஏ-24இல் இருக்காது. எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் ஏ-24ஐ நேரடியாகத் தொங்கவிட முடியாது, கெப்பாசிட்டர் வழியாகத்தான். கெப்பாசிட்டர் வைத்திருந்தும் சந்தேகம் என்றால் பிரைமரியின் இரு முனைக்கும் நடுவே டிசி வோல்டேஜை அளந்து பாருங்கள், பூஜ்யமாக இருக்க வேண்டும். சுற்றின் எதிர்ப்பு 1 கிலோஓமாக இருந்து 1 வோல்ட் காட்டினால் 1 மில்லிஆம்பியர் கசிகிறது, பழைய காகிதக் கெப்பாசிட்டர்களில் இது சகஜம். தூக்கிப் போடுங்கள்.

பக்கத்துக் காயில் கட்டும் கடையில் சுற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரை முயன்று பார்க்கலாம், நல்ல சிலிக்கன் ஸ்டீல் தகடும், பிரைமரியையும் செகண்டரியையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுற்றும் பொறுமையும் இருந்தால் நன்றாகவே வரும். மைக் உள்ளீட்டை வாங்கிவிடுங்கள். முடியைவிட மெல்லிய கம்பி, நிக்கல் தகடு, மியூமெட்டல் கூடு, இவை எதுவும் மோட்டார் காயில் கட்டும் மேசையில் கிடைக்காது.

சத்தமாக வாசித்தால் மட்டும் உடைகிறது

மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மைக்கை நெருக்கி வைத்தவர்களுக்கு இது தெரியும். வலந்தலை தெளிவாக இருக்கும், தொப்பியில் கும்கி விழும்போது மட்டும் ஒரு கரகரப்பு. வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். கரகரப்பும் போய்விட்டால் கடைசி நிலை அல்லது வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். சத்தம் குறைந்தும் கரகரப்பு அப்படியே இருந்தால் வால்யூமுக்கு முன்னால், அதாவது உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரோ முதல் வால்வோ.

எது என்று பிரிக்க ஜெனரேட்டர் வேண்டும். ஒரே அளவில் 40 ஹெர்ட்ஸும் 1 கிலோஹெர்ட்ஸும் கொடுங்கள். கோரின் காந்தப்பாயம் வோல்டேஜை அலைவரிசையால் வகுத்த கணக்கு, அலைவரிசை பாதியானால் பாயம் இரட்டிக்கும். ஆகவே 40இல் மட்டும் உருக்குலைந்து 1 கிலோஹெர்ட்ஸில் சுத்தமாக இருந்தால் கோர் நிறைகிறது. இரண்டிலும் உடைந்தால் வால்வு. முதல் வால்வின் பயஸ் (கிரிட்டின் நிலை வோல்டேஜ்) 1.5 வோல்ட் பக்கம் என்றால், மைக் 150 மில்லிவோல்ட் உச்சம் கொடுத்ததுமே 1:10 அதை 1.5 வோல்ட்டாக்கிக் கிரிட்டைக் கரண்ட் இழுக்க வைத்துவிடும். நெருக்கி வைத்த கண்டன்சர் மைக் இந்த அளவைச் சுலபமாக எட்டிவிடும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் 20 டெசிபல் பேட் (சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் அமைப்பு). ஒவ்வொரு காலிலும் தொடராக 680 ஓம், அவற்றின் பின்னால் இரு கால்களுக்கும் நடுவே 180 ஓம். மைக்குக்கு 1.5 கிலோஓம் சுமையாகவே தெரியும், டிரான்ஸ்ஃபார்மருக்கும் மூலம் 150 ஓம் பக்கமே தெரியும், ஆகவே ஒலியின் குணம் மாறாது. பேட்டைச் செகண்டரி பக்கம் வைப்பவர்கள் உண்டு, அது வால்வைக் காப்பாற்றும், கோரைக் காப்பாற்றாது. தாளவாத்தியம் அதிகம் பதிவு செய்பவர் என்றால் 1:10ஐ விட்டு 1:5 வாங்குவதையே யோசியுங்கள். 6 டெசிபல் பெருக்கம் போகும், அந்த 6 டெசிபல் அங்கே தேவையும் இருக்காது.

உஸ்ஸ் என்ற இரைச்சல்

150 ஓம் மைக்கின் சொந்த வெப்ப இரைச்சல் 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 0.22 மைக்ரோவோல்ட். 1:10 அதை 2.2 ஆக்கிக் கிரிட்டுக்குக் கொடுக்கிறது. இஎஃப்86இன் தரவுத்தாளில் அதன் சொந்த இரைச்சல் 25 ஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை சுமார் 2 மைக்ரோவோல்ட். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எதற்காக இருக்கிறது என்பது புரிந்துவிடும், மைக்கின் ஒலியை வால்வின் இரைச்சலுக்கு மேலே தூக்கிவிடுவதுதான் அதன் தலையாய வேலை. தம்புரா மாதிரி மெல்லிய ஒலியை ரிப்பன் மைக்கில் எடுப்பவருக்கு 1:5 போதாது.

விகிதம் 1:10 இருந்தும் இரைச்சல் என்றால், செகண்டரியில் யாராவது 15 கிலோஓம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். "150 ஓமுக்கு 15 கிலோஓம்" என்று டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருப்பதைப் பார்த்து, அதே எண்ணைச் சுமையாகப் பற்றவைப்பது மிகப் பரவலான தவறு. அந்த எண் எங்கே பொருந்தும் என்பதைச் சொல்கிறதே தவிர என்ன ரெசிஸ்டர் போட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. போட்டால் மைக்குக்கு 150 ஓம் சுமை, சிக்னல் பாதியாகும், மைக்கின் இரைச்சலோடு ஒப்பிட்டாலே 3 டெசிபல் நஷ்டம், வால்வின் இரைச்சலோடு ஒப்பிட்டால் 6. ரிப்பன் மைக்கின் கீழ் ஸ்தாயியும் மெலியும்.

ஃபாண்டம் போட்டால் மட்டும் ஒலி மாறுகிறது

ஃபாண்டம் என்பது கண்டன்சர் மைக்குக்கு அதன் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம், 48 வோல்ட் இரண்டு 6.8 கிலோஓம் ரெசிஸ்டர்கள் வழியாக இரு கால்களுக்கும் போகிறது. இரண்டும் சமமாக இருந்தால் பிரைமரியில் டிசி ஓடாது. ஒன்று 5 சதவீதம் பெரிதாக இருந்து மைக் மொத்தம் 4 மில்லிஆம்பியர் இழுத்தால் 0.05 மில்லிஆம்பியர் பிரைமரிக்குள் நுழையும், சின்ன எண்தான், ஆனால் நிக்கல் கோருக்கு உறைக்கும். பையில் இருக்கும் ரெசிஸ்டர்களை மீட்டரில் அளந்து, 7 ஓமுக்குள் ஒத்துப்போகும் ஜோடியைப் பொறுக்கி எடுங்கள். ஃபாண்டம் இருக்கும்போது மைக்கைப் பிடுங்கிச் செருகுவதும் கோரைக் காந்தமாக்கும், அதற்கு மேலே சொன்ன 20 ஹெர்ட்ஸ் சிகிச்சை.

ரேடியோ கேட்கிறது

உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஃபாரடே ஷீல்டு (சுற்றுகளுக்கு நடுவே உள்ள மின்புலத் தடுப்பு) வயரும் கூட்டின் வயரும் எங்கும் கட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கும். சேஸிஸில் கட்டுங்கள். மைக் சாக்கெட்டின் 1ஆம் பின்னையும் உள்ளே சர்க்யூட் தரைக்கு இழுக்காமல், சாக்கெட் இருக்கும் இடத்திலேயே சேஸிஸில் கட்டுங்கள்.

பெருக்கம் மிகக் குறைவு, அல்லது இரண்டு சேனலைச் சேர்த்தால் ஒலி கரைகிறது

வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் செகண்டரி இரண்டு துண்டாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 600 ஓமுக்குத் தொடராக இணைக்கும்போது ஒன்று தலைகீழாகிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, கிசுகிசுவென்று மெல்லிய கீச்சு மட்டும் மிஞ்சும். புள்ளி போட்ட முனைகளை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடம் இல்லாத பழைய சரக்கு என்றால் பிரைமரிக்கு 400 ஹெர்ட்ஸ் கொடுத்து, இரண்டு துண்டையும் தொடராக இணைத்து அளந்து பாருங்கள், தனித்தனி அளவின் கூட்டுத்தொகை வந்தால் சரி, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஒன்றைத் திருப்புங்கள். உள்ளீட்டிலும் பிரைமரி இரண்டு துண்டாக வரும், இணையாகக் கட்டினால் ஒரு விகிதம், தொடராகக் கட்டினால் அதில் பாதி, அங்கேயே 6 டெசிபல் காணாமல் போயிருக்கலாம்.

சேனல்கள் தனித்தனியாக நன்றாக இருந்து சேர்ந்ததும் கரைந்தால், ஒரு பெட்டியில் எங்கேயோ இரண்டு வயர் இடம் மாறியிருக்கிறது. ஒரே மைக்கை இரண்டு சேனலிலும் மாற்றி மாற்றிச் செருகி "ப" என்று சொல்லிப் பதிவு செய்து, அலையின் முதல் மேடு இரண்டிலும் ஒரே பக்கம் எழுகிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் வெளியீட்டு சாக்கெட்டில் 2, 3 வயர்களை மாற்றிப் பற்றவையுங்கள். உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் மட்டும் மாற்றாதீர்கள், மேலே மங்கல் பகுதியில் சொன்ன தரை முனை, கிரிட் முனை விவகாரம் அங்கே காத்திருக்கிறது.